இதயத்திற்கு உதவும் இலை

உங்கள் விரல் நுனி சரியாக நுழையக்கூடிய ஒரு பூவைக் கற்பனை செய்து பாருங்கள். மேற்கு ஐரோப்பாவின் காட்டோரங்களில் ஊதா நிறத்தில் பூக்கும் பாக்ஸ்குளோவ் அத்தகையது. இந்த ஆங்கிலப் பெயருக்கு 'நரியின் கையுறை' என்று பொருள். ஜெர்மானியரோ தையற்காரர் விரலில் மாட்டும் உறையின் பெயரால் இதனை அழைத்தனர். அதையொட்டி, 1542-இல் ஜெர்மன் அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், விரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'டிஜிடாலிஸ்' என்ற பெயரை அமைத்தார். 'ஃபூக்ஸ்' என்றாலும் ஜெர்மன் மொழியில் நரிதான்!

1775-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் ஒரு நாட்டு மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி கொடுத்து வந்த மருந்து அது. அதில் இருபது மூலிகைகளுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றுள் பலன் தருவது பாக்ஸ்குளோவே என்று விதரிங் உணர்ந்தார். பூக்கும் பருவத்து இலைகளைப் பறித்து, உலர்த்திப் பொடித்து, சிறுசிறு அளவுகளில் பத்தாண்டுகள் சோதித்தார். 1785-இல் வெளியிட்ட நூலில், குணமடைந்தோரை மட்டுமல்லாமல் குணமடையாதோரையும் குறிப்பிட்டார். அறிவியல் நேர்மை என்பது இதுதான்.

இந்த இலை எவ்வாறு வேலை செய்கிறது? இதயம் நலிந்தால் இரத்தம் தேங்கும். அதிலுள்ள நீர் திசுக்களில் கசிந்து வீக்கம் உண்டாகும். இதயத் தசைச் செல்களில் சோடியத்தை வெளியேற்றும் நுண்ணிய 'பம்பு'கள் உள்ளன. டிஜிடாலிஸ் பொருள்கள் அவற்றைத் தடுக்கின்றன. உள்ளே சோடியம் பெருகுவதால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது. கால்சியம் மிகுந்தால் தசை வலுவாகச் சுருங்கும். சிறுநீரகங்களுக்கு இரத்தம் நன்கு பாயும். தேங்கிய நீர் சிறுநீராக வெளியேறும். இதயத் துடிப்பின் வேகமும் தணியும்.

1930-இல் சிட்னி ஸ்மித் என்பவர், இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியான டிஜிடாலிஸ் லனாட்டாவிலிருந்து 'டிகாக்சின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். புதிய மருந்துகள் பல வந்துவிட்ட போதிலும், சில இதய நோயாளிகளுக்கு இன்றும் இது தரப்படுகிறது.

ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் கால் மில்லிகிராமே! அளவு சற்று மிஞ்சினால் வாந்தி வரும். பொருள்கள் மஞ்சளாகத் தெரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். நம் தோட்டத்து அரளியிலும் இவ்வகை நச்சுப் பொருள்கள் உண்டு. எனவே, முன்பின் அறியாத இலையையோ விதையையோ ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள். மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது பல வேளைகளில் அளவு ஒன்றே.