பயிற்சி கொடுத்தால் பாட்டு டீச்சர் தங்குவாரா?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு வரும் பாட்டு டீச்சர்கள் நிலைப்பதே இல்லை. நல்ல பயிற்சி கொடுத்தால் தங்குவார்களா?
- ஒரு வாசகி, பழனி

பதில்: பயிற்சி உதவும், ஆனால் அது மட்டும் போதாது; முதலில் சம்பளம் கட்டுப்படியாக வேண்டும். 2012-இல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அது 12,500 ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பணியில் இல்லை. ஓய்வு, மரணம் போக, கட்டுப்படியாகாமல் விலகியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சம்பளத்துக்கு அடுத்தபடி ஆளைத் துரத்துவது தனிமை. கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்து வகுப்பில் ஆள் உண்டு. பாட்டு டீச்சரோ பள்ளிக்கு ஒருவர். பொதுப் பயிற்சிக்குப் போனால் பதிவேடும் பாடத்திட்டமும்தான் பேச்சு. வகுப்பில் இருப்பதோ ஐம்பது பிள்ளைகள், ஒரே சுருதிப்பெட்டி. எட்டாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும். நேற்று வரை ஐந்து கட்டையில் பாடியவனுக்கு இன்று மேல் ஸட்ஜமே எட்டாது; வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான். அவனை எந்தச் சுருதியில் உட்கார வைப்பது? இதைச் சொல்லித்தரும் பயிற்சிதான் டீச்சருக்குத் தெம்பு.

அதே கலை தெரிந்த இன்னொருவரிடம் கற்பது பெரிய வித்வான்களுக்கும் தேவைப்பட்டது. உங்கள் ஊர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையே தந்தை முத்தையா பிள்ளையோடு நிறுத்தாமல், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் கற்றார். அதுபோல வட்டார இசை ஆசிரியர்கள் மாதம் ஒருநாள் கூடிப் பாட, பயணப்படியோடு தலைமையாசிரியர் அனுமதிக்கட்டும். கச்சேரி இருந்தால் விடுப்பும் கொடுக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.