சத்தம் போடாத நாக்கிங்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பனின் டர்போ கார் ஆலப்பாக்கம் தாண்டி லாரியை முந்தும்போது உண்டியலைக் குலுக்கினாற்போல் சத்தம் போடுகிறது, மெக்கானிக் ‘பெட்ரோல் சரியில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். பெட்ரோல் மேல் பழி போடுவது சுலபம்; பங்க்காரர் பக்கத்தில் நின்று மறுக்கப்போவதில்லை. கலப்படம் என்றால் அது வேறு கதை. மற்றபடி, நாக்கிங் என்ற அந்தச் சத்தத்தைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண்தான் ஆக்டேன்; பிஎஸ்-6 சாதா பெட்ரோலில் அது குறைந்தபட்சம் 91. எத்தனால் 20 சதவீதம் சேர்ந்தபின் அது 95 ஆகிறது என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கம். நம் நெல்லிக்குப்பம் போன்ற கரும்பு ஊர்களின் வடிசாலைச் சரக்கான எத்தனாலின் ஆக்டேனே 108ஐ ஒட்டி வரும். மைலேஜைக் குறைக்கிறது என்று அதைத் திட்டலாம். நாக்கிங்கைக் கூட்டுகிறது என்று திட்ட முடியாது.

பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக் பொறி வைத்துவிடும். தீ அங்கிருந்து பரவும். அது எட்டுவதற்குள் கடைசி மூலையில் இருக்கும் கலவை நெருக்குண்டு, சூடேறி, தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது; கார் என்ஜின்களில் அந்த அதிர்வு ஏறக்குறைய 6,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை. டர்போ காற்றை முன்கூட்டியே அழுத்திச் சூடாக்கித் தள்ளுவதால் அந்த மூலைக்கு நெருக்கடி அதிகம். பிளக் பொறி வைக்கும் முன்பே கலவை பற்றுவது வேறு நோய், ப்ரீ-இக்னிஷன். இரண்டையும் பிரித்துப் பார்த்த முன்னோடி இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. அண்ணாமலை நகரில் நீ படிக்கும் பாடப்புத்தகத்திலும் அவர் பெயர் இருக்கலாம்.

1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ காரில், நாக்கிங்கை அடக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்துக்குத் தனி டேங்க் வைத்தார்கள். அது தீர்ந்தால் டர்போ அழுத்தத்தைக் காரே குறைத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் திரவம் ஊற்ற மறந்தார்கள். பிறகு ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்று வந்து நின்றார்கள். கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள். 1982இல் ஸ்வீடனின் சாப் நிறுவனம் என்ஜின் பிளாக்கில் ஒரு சென்சாரை வைத்து, தட்டல் கேட்டதும் டர்போ அழுத்தத்தை இறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

இன்றைய டர்போ கார்களும் அதன் வாரிசுகள்தான். நாக் சென்சார் அதிர்வைப் பிடித்த கணமே கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்திவிடும், தேவைப்பட்டால் அழுத்தத்தையும் குறைக்கும். காதுக்கு ஒன்றும் கேட்காது. இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், அவ்வளவுதான். உன் நண்பனின் காரில் சத்தமே வெளியே வந்துவிட்டது என்றால் கம்ப்யூட்டர் சமாளிக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது, அல்லது சென்சாருக்கே காது மந்தம். சென்சாரின் போல்ட்டைக் கைபோன போக்கில் முறுக்கினால் அப்படி ஆகும். கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கே முறுக்க வேண்டும். தளர்ந்து ஆடும் ஒரு தகடும் சென்சாரை ஏமாற்றும்.

அதனால் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க, புதுச்சத்திரம் வரை ஓட்டச் சொல். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சிலிண்டர் என்றால் அடைத்த இன்ஜெக்டர், கரி படிந்த பிஸ்டன் தலை, தப்பான ரக பிளக் என்று அங்கேயே தேடலாம். எல்லாமே பின்வாங்கினால் பொதுவான காரணம். ஓட ஓட உள்ளே போகும் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போனால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பார்க்க வேண்டும். சிதம்பரம் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும்; அந்தச் சுணையும் பூச்சியும் இன்டர்கூலரின் மெல்லிய இடுக்குகளில் அப்பிக்கொண்டால் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். சூடு சரியாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மட்டும் கூட்டலில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: களைத்த பம்ப், அடைத்த ஃபில்டர்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஆயில். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார். லேசான பிசுபிசுப்பு சகஜம். குட்டையாகத் தேங்கியிருந்தால் டர்போ சீலோ என்ஜினின் மூச்சுக்குழாய் வால்வோ ஆயிலை உள்ளே விடுகிறது. கலவையோடு சேரும் ஆயில் ஆக்டேனை இறக்கிவிடும். பிளக்கையும் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துணுக்கோ தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே நல்லது.

இன்னொன்று. டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று முழுசாக மிதிப்பது, நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ என்ஜின்களுக்கு ஆகாது. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளி, பிளக்குக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அது சாதா நாக்கிங்கைவிடப் பல மடங்கு முரடு, பிஸ்டனையே உடைக்கும். பொறியைத் தாமதப்படுத்தி இதைத் தடுக்க முடியாது. ஆயிலில் கால்சியம் சேர்மானம் அதிகமானால் இது கூடுகிறது என்று தெரிந்தபின், 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று ஆயில் தரமே மாறியது. நண்பனிடம் போன சர்வீஸில் ஊற்றிய ஆயில் டப்பா இருந்தால் அதில் என்ன எழுத்து என்று பார். ஸ்கேனர் பதிவை அனுப்பும்போது சிலிண்டர் வாரியாகத் தனித்தனியே அனுப்பு, சராசரி வேண்டாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து அண்ணன்