குளம் காத்தலும் கொல்லாமையும்

சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் ஒரே நீரில் மகிழ்ந்திருக்க, பவ்வியர் மலர் கொய்கின்றனர். சமவசரணத்தின் காதிகா பூமியே இதுவென அறிஞர் கூறுவர். பல்லுயிரும் அச்சமின்றி வாழும் நீர்நிலையே அங்குக் காட்டப்பெறுகிறது. அவ்வோவியத்தை நினைவிற் கொண்டு இன்றைய பாடத்தைத் தொடங்குவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக்காலத்தில் ஓடி, பின்னர் மணலாகக் கிடப்பன. ஆதலின் முன்னோர் ஆயிரக்கணக்கான ஏரி, குளங்களை வெட்டினர். அவற்றின் குமிழித் தூம்புகளில் நீரோடித் துளையுடன், அடியில் சேறோடித் துளைகளும் அமைத்தனர். பாசன நீருடன் வண்டலும் வெளியேறி வயலுக்கு உரமாயிற்று.

இன்று குளங்கள் தூர்வது ஏன்? மேட்டுநிலத்தில் மரமும் புல்லும் அழிந்தால் மழைத்துளி வெற்று மண்ணை அறைந்து பெயர்க்கிறது. அம்மண் வரத்து வாரி வழியே குளத்தை அடைகிறது. கலங்கிய நீரில் ஒளி புகாது, நீர்ச்செடிகள் வளரா. மீன் இட்ட முட்டைகளைச் சேறு மூடிவிட, அவை மூச்சின்றி மடிகின்றன.

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின், 2019-இல் கொத்தமங்கலம் இளைஞர்கள் தாமே பொருள் திரட்டித் தம் ஊர் நீர்நிலைகளைத் தூர்வாரினர். போற்றத்தக்க செயல். ஆயினும் ஓர் ஐயம் எழலாம்: "தூர்வாரும்போது சேற்றில் வாழும் உயிர்கள் மடியுமே, சிராவகர் இதில் ஈடுபடலாமா?"

இல்லறத்தார் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்க வேண்டும். வாழ்வுக்கு இன்றியமையாத தொழிலில் நேரும் ஆரம்ப இம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும். பயனின்றி மண்ணைத் தோண்டுவதும் நீரை வீணாக்குவதும் செடிகொடிகளை அழிப்பதும் பிரமாதசரியை எனப்படும். அநர்த்த தண்ட விரதம் இதனை விலக்குகிறது. ஆகவே நம் கேள்வி, "தூர்வாரலாமா?" என்பதன்று, "அடிக்கடி தூர்வார நேராமல் காப்பது எவ்வாறு?" என்பதே.

விடை மேட்டில் இருக்கிறது. நீர்வடிப்பகுதிப் பணியை மேலிருந்து கீழாகச் செய்தல் வேண்டும்.

1. மேட்டுநிலத்தில் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரப்பு எடுத்தல். புல்லும் நாட்டு மரங்களும் வளர்த்தல்.
2. ஓடைகளில் சிறு கல்தடுப்புகள் அமைத்தல். நீர் தயங்கிச் சென்றால் மண் அங்கேயே படியும்.
3. வாரிக்கரைகளில் வெட்டிவேர் நடுதல். அதன் வேர் ஆழச் சென்று மண்ணைப் பிணிக்கும்.
4. தூர்வாரியே ஆகவேண்டுமெனில், நீர் தேங்கிய பள்ளம் ஒன்றையும் கோரை வளர்ந்த ஓரத்தையும் தொடாது விடுதல். மீனுக்கும் தவளைக்கும் அவையே புகலிடம்.

மேட்டில் ஒரு கூடை மண்ணைக் காத்தால், குளத்தில் ஒரு கூடைச் சேற்றை வெட்ட வேண்டாம். அச்சேற்றில் வாழும் உயிர்களும் பிழைக்கும்.

சிந்தனைக்கு:
அ. ஆரம்ப இம்சை, சங்கற்ப இம்சை வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு எடுத்துக்காட்டுடன் விளக்குக.
ஆ. உங்கள் ஊர்க் குளத்திற்கு நீர் எம்மேட்டிலிருந்து வருகிறது? குடும்பத்துடன் நடந்து சென்று காண்க.

அறம் வளர்க!