டிஸ்க்கை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதே

தங்கச்சி, பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறது என்றாய். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "டிஸ்க் வளைஞ்சிடுச்சு மேடம், ரெண்டையும் மாத்திடலாம்" என்றாராம். மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் கோளாறு எந்தச் சக்கரத்தில், எதனால் என்று தெரியாமல் மாட்டுகிற புது டிஸ்க்கும் சில ஆயிரம் கி.மீ. ஓடியபின் அதே ஆட்டத்தை ஆடும்.

முதலில் நீயே ஓட்டிப் பார். வண்டிகள் இல்லாத நேர் ரோட்டில் 80 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக்கை மெதுவாக, ஒரே சீராக அழுத்து. ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறினால் முன்பக்கம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் காலடியும் அதிர்ந்தால் பின்பக்கத்தைச் சந்தேகப்படு. வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமாகிறதா? அப்படியானால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒன்றில்தான் கோளாறு. பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே அதிர்கிறதென்றால் கேஸ் வேறு, டயரையும் பேலன்சிங்கையும் பார்க்கச் சொல். மணலிலோ மழையிலோ சட்டென்று மிதிக்கும்போது பெடல் படபடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. பயந்து காலை எடுத்துவிடாதே.

பின்னால் டிரம் பிரேக்கும் பழைய மாதிரி இழுக்கிற ஹேண்ட் பிரேக்கும் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. காலி மைதானத்தில் 25 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. அப்போதும் துடித்தால் பின் டிரம்தான். பட்டனில் அழுத்தும் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வண்டியில் இந்த விளையாட்டே வேண்டாம்.

ஓட்டி முடித்து நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோ. தொடாதே, சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே காலிப்பர் பின்னோ பிஸ்டனோ இறுகிப்போய் பேடு விலகாமல் தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

இப்போது அந்த "வளைஞ்சிடுச்சு" கதைக்கு வருவோம். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. அதன் கனம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. டிஸ்க் ஹப்பின் மேல் ஒட்டி உட்காராமல் 0.1 மி.மீ. கோணலாக நின்றாலும், பிரேக் போடாமல் ஓடும்போதே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டு போகும். மாதக்கணக்கில் அந்த இடம் தேய்ந்து மெலியும். நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு, அதுவே காலுக்குத் தெரிந்துவிடும். டயர் மாற்றிய இடத்தில் நடந்த தப்பு ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டுவதும், யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்காததும் இதனால்தான்.

அந்தக் கோணல் எங்கிருந்து வருகிறது? ஒன்று, ஹப்பில் ஏறிய துரு. கடலோர ஊர்களில் இது சகஜம். இன்னொன்று, ஏர் கன்னை வைத்து நட்டுகளை வரிசையாக, ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் முறுக்கிவிடுவது. என்னைக் கேட்டால் டிஸ்க் கம்பெனிகளுக்கு வியாபாரம் தேடித் தருவதே இந்தக் கன்தான். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரும் புதிருமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால் முடிக்கச் சொல். அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். பல எஸ்யூவிகளுக்கு 100 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். டயர் மாற்றிய கையோடு உதறல் ஆரம்பித்திருந்தால், நட்டுகளைத் தளர்த்தி முறையாக இறுக்குவதிலேயே சரியாகிவிடவும் வாய்ப்புண்டு. செலவில்லாத வைத்தியம், முதலில் இதைச் செய்.

அடங்கவில்லையா? ஒர்க்‌ஷாப்பில் "டயல் கேஜ் வெச்சுப் பாத்தீங்களா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேள். கேட்ட தொனியிலேயே எதிரே இருப்பவரின் பேச்சு மாறும். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பை வயர் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, மறுபடி மாட்டி நட்டுகளால் இறுக்கிப் பிடித்து, டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அந்தக் கேஜால் அளக்க வேண்டும். ஆட்டம் அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டினாலே சில சமயம் குறையும். காலிப்பர் பின்களையும் அப்போதே கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவச் சொல். சாதாரண கிரீஸ் அங்கே ஆகாது.

கனம்தான் மாறியிருக்கிறது என்றால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அந்த எண்ணை ஒட்டி வந்துவிட்டால் கஞ்சத்தனம் பார்க்காமல் புதிது வாங்கு, இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்து, பேடுகளோடு. வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் ரொம்ப நாள் ஓட்டாத வண்டியிலும் பேடு உட்கார்ந்த இடத்தில் துரு ஆழமாக அரித்திருக்கும். லேசான துரு ஓட்ட ஓட்டப் போய்விடும், அரிப்பு போகாது.

மலையில் இறங்குவது பற்றி உன் வீட்டுக்காரரிடமும் சொல். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி, ஆழியாறு செக்போஸ்ட்டில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால், காய்ந்த டிஸ்க்கில் பேடின் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதுவே துடிப்பாகும். சின்ன கியரில் இறங்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு இருக்கிறது. நின்றபின் சமதரையானால் பெடலில் காலைத் தளர்த்தலாம். கீழே வந்த சூட்டோடு வண்டியைக் கழுவவும் வேண்டாம்.

புது டிஸ்க், பேடு போட்டால் பழக்க வேண்டும். காலி ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறை, மறுபடி வேகம் எடு, இப்படி ஏழெட்டு முறை. நடுவில் முழுதாக நிறுத்தாதே. பிறகு சில கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடு. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரமே இதை முடித்துக்கொள்.

இன்னொன்று, துடிப்போடு பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டாலோ மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்.