குடமோட்டரின் முனைவுகளை எண்ணுதல்

மாட்டுவண்டிச் சில்லின் நடுவே ஆர்க்கால்கள் வந்து பொருந்தும் உறுப்பைக் குடம் என்பர். இக்காலத்து மின் ஸ்கூட்டரில் அக்குடத்தினுள்ளேயே மோட்டர் அடங்கிவிடுகின்றது. சங்கிலியுமில்லை, பட்டியுமில்லை. அச்சு அசையாது நிற்க, அதனைச் சூழ்ந்த ஓடு சில்லோடு சேர்ந்து சுழல்கின்றது. அச்சிற் பொருந்திய இரும்புப் பற்களிலே கம்பிச் சுருள்களும், ஓட்டின் உட்புறத்தே நிலைக்காந்தத் துண்டுகளும் உள. காந்தங்கள் வடமுனைவு, தென்முனைவு என மாறிமாறி அடுக்கப்பட்டிருத்தலால் முனைவுகளின் தொகை எப்பொழுதும் இரட்டை எண்ணேயாம். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்தது ஒரு சோடி.

இத்தொகையை அறிவதால் வரும் பயன் யாதென மாணவர் வினவலாம். ஸ்கூட்டரின் கட்டுப்படுத்தி சில்லின் சுற்றை நேரே காண்பதில்லை. மோட்டரில் நிகழும் மின் வட்டங்களையே அது எண்ணுகின்றது. ஒரு முனைவுச் சோடி ஒரு சுருளைக் கடக்குந்தோறும் ஒரு வட்டம் நிறைவெய்தும். ஆகவே 15 சோடியுள்ள மோட்டரிற் சில்லின் ஒரு சுற்றுக்கு 15 வட்டங்கள் நிகழும். பழுதான கட்டுப்படுத்தியை நீக்கி வேறொன்றை இடுவோர் இவ்வெண்ணைத் தாமே அதற்குக் கொடுத்தல் வேண்டும். சில கட்டுப்படுத்திகள் முனைவுகளின் தொகையைக் கேட்கும். வேறு சில சோடிகளின் தொகையைக் கேட்கும். இங்கேதான் பலரும் இடறுகின்றனர். சோடி கேட்ட இடத்தில் 15 என்பதற்குப் பதிலாக 30 எனக் கொடுப்பின், காட்டப்படும் வேகம் பாதியாகிவிடும். மணிக்கு 25 கிலோமீற்றர் விரைபவன் தான் பன்னிரண்டரையில் ஊர்வதாக எண்ணிக்கொள்வான். வேக எல்லையும் இக்கணக்கையே பற்றி நிற்பதால், 25 என வகுத்த எல்லை, மோட்டருக்கு வலுவிருப்பின், 50 ஆகிவிடும். சிறு சில்லின்மேல் நின்று செல்பவனுக்கு இது விளையாட்டன்று.

மோட்டரைத் திறந்து காந்தங்களை எண்ணுவது நேர்வழியே. ஆயினும் காந்தங்களின் இழுவை வலியது. விரல் நசுங்கவும் சுருளின் காப்பு உரியவும் கூடும். திறவாமலே எண்ணும் வழி இருக்கையில் அத்தொல்லை எதற்கு?

பெரும்பாலான குடமோட்டர்களில் மூன்று ஹோல் உணரிகள் உள. எட்வின் ஹோல் 1879 இற் கண்டறிந்த விளைவின்படி, இவை எதிர்நிற்கும் காந்தமுனைவை உணர்வன. தடித்த மூன்று அவத்தைக் கம்பிகளையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாவண்ணம் பொதிந்துவிடுக. மெல்லிய ஐந்து கம்பிகளின் இணைப்பி மாத்திரம் கட்டுப்படுத்தியோடு இருக்கட்டும். மின்னை இட்டு, புவிக் கம்பிக்கும் உணரிக் கம்பிகளுள் ஒன்றுக்குமிடையே வோற்றுமானியைப் பொருத்துக. ரயரிலே சுண்ணக்கட்டியால் ஒரு குறியிட்டுச் சில்லை மிக மெதுவாகத் திருப்பின், அளவீடு சுழியத்துக்கு அண்மையிலிருந்து 5 வோற்றுவரை ஏறியும் இறங்கியும் வரும். குறி புறப்பட்ட இடத்துக்கு மீளுமுன் எத்தனை முறை ஏறிற்றோ அத்தனை சோடிகள். மூன்று உணரிகளின் மாற்றங்களையும் ஒருங்கே எண்ணுவோர்க்கு ஒரு வட்டத்துக்கு 6 மாற்றங்கள் கிடைக்கும். சுற்றொன்றுக்கு 90 மாற்றமெனின் 15 சோடி என்க.

உணரி இல்லாத மோட்டரில், யாதேனும் இரண்டு அவத்தைக் கம்பிகளினூடே சிறிதளவு நேரோட்டத்தைச் செலுத்துக. சில்லு ஓரிடத்திற் பற்றி நிற்கும். கையால் உந்தினால் எதிர்த்துப் பின் அடுத்த இடத்துக்குத் தாவும். ஒரு சுற்றில் அது நிற்கும் இடங்களின் தொகையே சோடிகளின் தொகை. மின்னோட்டத்தை எல்லைப்படுத்தத்தக்க வழங்கியையே இதற்குப் பயன்படுத்துக. சுருளின் தடை மிகச் சிறிதாகையால், ஸ்கூட்டரின் பற்றரியை நேரே தொடுத்தல் பேராபத்தாகும்.

2016 இல் வெளிவந்த ஷியாமி எம்365 ஸ்கூட்டரைக் கொண்டு கணக்கைச் சரிபார்ப்போம். அதன் மோட்டரில் 30 காந்தங்களும் 27 பற்களும் உள. எட்டரை அங்குல ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 0.678 மீற்றர். மணிக்கு 25 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 6.94 மீற்றர், அதாவது 10.24 சுற்று. 15 ஆற் பெருக்கின் செக்கனுக்கு ஏறக்குறைய 154 வட்டங்கள் வரும். கட்டுப்படுத்தி இவ்வெண்ணை ஒட்டிக் காட்டுமாயின் எண்ணிக்கை சரியே.

மின்னின்றிச் சில்லைத் திருப்புகையிற் கைக்குத் தட்டுப்படும் சிறு துடிப்புகளை எண்ணுவாரும் உளர். அவை இரும்புப் பற்களும் காந்தங்களும் ஒன்றையொன்று இழுப்பதால் எழுவன. அவற்றின் தொகை 27, 30 ஆகியவற்றின் பொதுமடங்குகளுட் சிறியதாகிய 270 ஆகும். அதிலிருந்து முனைவை அறிதல் இயலாது.

பற்சில்லுகள் உள்ளே அமைந்த குடமோட்டர்களுமுண்டு. அவற்றுட் பலவற்றிற் சில்லை முன்னோக்கித் திருப்பின் மோட்டர் அசையாது. பின்னோக்கியே திருப்புதல் வேண்டும். ஆங்கு எண்ணிப் பெறுவது சோடிகளின் தொகையும் பற்சில்லு விகிதமும் பெருகிய எண். முழுவெண்ணாக இராமலும் போகலாம். பத்துச் சுற்றுக்கு எண்ணிப் பத்தால் வகுத்துக் கொள்க. வேகக் கணக்குக்கு வேண்டியது அப்பெருக்கமே.