நீக்கிய பின்னும் டிஸ்க் நிறைந்திருக்கிறதா?

குபர்நெட்டிஸில் டேட்டாபேஸ் ஒன்றை ஸ்டேட்ஃபுல்செட் ஆக இயக்கிப் பழகுகிறீர்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிட்டீர்கள். ஆனால் டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன்?

ஒவ்வொரு பாடுக்கும் பிவிசி என்னும் தனி ஸ்டோரேஜ் கோரிக்கை உருவாகிறது. ஸ்டேட்ஃபுல்செட்டை நீக்கினாலும், பாடுகளைக் குறைத்தாலும் இவை அப்படியே இருக்கும். தவறுதலாக நீக்கினாலும் டேட்டா தப்பிக்கவே இந்த ஏற்பாடு.

தானாக நீங்க வேண்டுமா? பிவிசி ரிட்டென்ஷன் பாலிசியைப் பயன்படுத்தலாம். 2024ல் வந்த 1.32 பதிப்பிலிருந்து இது முழுமையான வசதியாகிவிட்டது. இதில் இரண்டு அமைப்புகள் உள்ளன.

1. வென்டெலீட்டட்: ஸ்டேட்ஃபுல்செட்டையே நீக்கும்போது.
2. வென்ஸ்கேல்டு: பாடுகளைக் குறைக்கும்போது.

இரண்டிற்கும் ரிட்டெய்ன் அல்லது டெலீட் எனத் தரலாம். எதுவும் தராவிட்டால் ரிட்டெய்ன்தான். வென்ஸ்கேல்டில் டெலீட் கொடுத்து மூன்று பாடுகளை ஒன்றாக்கினால், மற்ற இரண்டின் பிவிசியும் போய்விடும். மீண்டும் மூன்றாக்கினால் காலி டிஸ்க்தான் கிடைக்கும்.

எச்சரிக்கை: தானாக உருவான வால்யூமின் ரீகிளைம் பாலிசி பொதுவாக டெலீட் என்றே இருக்கும். பிவிசி நீங்கினால் டேட்டாவும் அழிந்துவிடும். எனவே முதலில் வால்யூம் பட்டியலைப் பெற்று, ரீகிளைம் பாலிசி என்ற பத்தியைப் பாருங்கள். டேட்டா தேவையெனில் அதை ரிட்டெய்ன் என மாற்றி, பேக்கப் எடுத்த பிறகே நீக்கவும்.