உப்புத்தாளும் ஐயாயிரம் ரூபாயும்

அன்புள்ள மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிறு பள்ளிப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்ததோடு, சாமான் வாங்க 5,000 ரூபாயும் சபையில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மெத்த சந்தோஷம். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முதலாவதாக ஒரு வெளிநாட்டுப் பாடப்பெட்டி இருக்கிறது. அதை அடித்துவிடு.

இருபது வருஷத்துக்கு முன் காணிக்கைப் பணத்தில் நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கிற படங்கள். ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலம். சனிக்கிழமை ராத்திரிதோறும் உட்கார்ந்து தமிழாக்க வேண்டியிருந்தது. கைவேலைக்குக் கேட்ட பசையும் மினுக்குத் தாளும் நம் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை. நல்ல மேய்ப்பன் பாடத்துக்குப் பனி மூடிய மலையை வரைந்திருந்தார்கள். நம் பிள்ளைகளோ ஆட்டுக்கிடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். நாலாவது வாரம் பெட்டி பீரோவுக்குள் போனது. ஏழைகள் போட்ட காணிக்கை அது. இன்றைக்கும் நினைத்தால் மனசு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் கதைப் படங்களை ஒட்டிக் காட்டுகிற பிளானல் பலகை செய்யக் கற்றுக்கொண்டேன். ஒரு பழைய பிளைவுட் பலகையில் பிளானல் துணியை இழுத்து ஒட்டிவிடு. மேல் பாதிக்கு நீலம், கீழ் பாதிக்குப் பச்சை. வானமும் தரையும் ஆயிற்று. பிறகு படங்களைத் தடித்த அட்டையில் ஒட்டிக் கத்தரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் ஒட்ட வேண்டும், சொரசொரப்புப் பக்கம் வெளியே பார்த்தபடி. துணியின் மென்மயிர் உப்புத்தாளைப் பிடித்துக்கொள்ளும். பலகையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வை. நேராக நிறுத்தினால் மின்விசிறிக் காற்றில் சகேயு காட்டத்தி மரத்திலிருந்து விழுந்துவிடுவான். தச்சு வேலை பார்க்கிற அண்ணாச்சியிடம் கேட்டால் மிச்சப் பலகைத் துண்டு சும்மாவே கிடைக்கும். பெரிய பிள்ளைகளையே கத்தரிக்கச் சொல். படத்தைக் கத்தரித்த பிள்ளைக்குக் கதை மறக்காது.

படத்துக்கு எங்கே போவது என்று கேட்பாய். ‘ஓப்பன் பைபிள் ஸ்டோரீஸ்’ என்று 50 வேதாகமக் கதைகள் படங்களோடு தமிழிலும் இருக்கின்றன. சிருஷ்டிப்பு முதல் இயேசுவின் இரண்டாம் வருகை வரை வரிசையாகப் போகும். செல்போனில் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், காசு வேண்டாம். யார் உருவாக்கியது என்பதைக் குறிப்பிட வேண்டும். நீ மாற்றி எழுதி வெளியிட்டால் அதையும் அதே நிபந்தனையில் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் இது ஒரு வகை. தமிழில் ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) வேதாகமமும் இந்த உரிமத்தில் வந்திருக்கிறது. ஆனால் மனப்பாட வசனத்துக்கு ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பே இருக்கட்டும். பாட்டி வீட்டில் சொல்கிற வசனமும் பிள்ளை சொல்கிற வசனமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இலவசம் என்பதால் எல்லாவற்றையும் நகல் எடுக்கலாம் என்று நினைத்துவிடாதே. நம் நாட்டில் ஒருவர் எழுதியது அவர் மறைந்து 60 வருஷம் வரை அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளைத் தாராளமாக அச்சிட்டுக்கொள். போன வருஷம் வந்த பாட்டைப் பாட்டுத்தாளில் போடுவதற்கு முன் எழுதியவரிடம் கேள். உயிரோடிருக்கும் ஊழியரின் புத்தகத்தை நகல் கடையில் கொடுத்து எடுப்பது களவுதான். ஊழியத்துக்காக என்று சொன்னாலும் அது களவுதான்.

காகிதத்தில் சிக்கனமாக இரு. இது கஞ்சத்தனம் இல்லை, நம் சபையின் பழைய வழக்கம். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு அச்சு வேலையைத் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதம் போதவில்லை. புதிதாகக் காகிதம் வரும் என்று அவர்கள் கப்பலுக்குக் காத்திருக்கவில்லை, தரங்கம்பாடியிலேயே ஈயத்தில் சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு வந்துவிட்டது. நீயும் ஒரு தாளில் எட்டு வசனச் சீட்டு வருகிறபடி அமைத்துக்கொள்.

இனி 5,000 ரூபாய்க்கு வருகிறேன். சொந்தமாக வேதாகமம் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார். அந்தச் செலவுதான் முதல் செலவு. இந்திய வேதாகமச் சங்கம் சலுகை விலையில் கொடுக்கிறது. நாலைந்து சபைகள் சேர்ந்து கேட்டால் ஒரே பார்சலாக வரவழைத்துவிடலாம். அடுத்து உனக்கென்று ஒரு நல்ல வேதாகம அகராதி வாங்கு. 1858-ல் தொடங்கிய சி.எல்.எஸ். என்கிற கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் சென்னையில் இன்றும் தமிழ்ப் புத்தகங்கள் வெளியிடுகிறது, பட்டியல் கேட்டு எழுது. ஞாயிறு பள்ளிப் பாடநூலுக்குக் குன்னூரிலுள்ள இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கத்தைக் கேள். 1876 முதல் அவர்களுக்கு இதுதான் வேலை. மதுரைக்குப் போகிற அன்று அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்தையும் எட்டிப் பார். மீதிப் பணம் தாளுக்கும் அச்சுக்கும் போதும்.

இன்னொன்று. ஓய்வு பெற்ற ஐயர்மார் வீடுகளில் விளக்கவுரைகள் கரையானுக்குக் காத்துக்கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். போய் உட்கார்ந்து பேசு, கேள். வாங்கியதை உன் வீட்டு அலமாரியில் பூட்டாதே. ஆலயத்தில் ஒரு பெட்டி வைத்து, பக்கத்து ஊர் உபதேசியாரும் எடுத்துப் போகிறமாதிரி ஒரு நோட்டும் போடு.

என் பிளானல் படங்கள் இப்போது மேலூர்ச் சபை டீச்சரிடம் இருக்கின்றன. யோசேப்பு கதை முழுசாக இருக்கிறது. பலவருண அங்கி மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கும், ஒட்டிக்கொள். நான் சொன்னேன் என்று கேட்டு வாங்கு. எனக்குத் திருப்பித் தர வேண்டாம். உன் பிள்ளைகள் பார்த்து முடித்ததும் அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அத்தை